அவசரம்: பதிவு நன்றாகக் கேட்கிறது, எழுத்தாக மாற்றினால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது

வெண்பனி – இரவு 9.14
வணக்கம். ஒரு நேர்காணல் வீடியோவை எழுத்தாக மாற்ற வேண்டும், நாளை மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். நேற்றிலிருந்து நான்கு முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். முதலில் ஓரிரு வரி ஏதோ வருகிறது, அப்புறம் "நன்றி நன்றி" என்று பக்கம் பக்கமாக அதே சொல்தான். நான் போட்டுக் கேட்டால் பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. பேசியவருக்கு 84 வயது. மறுபடி உட்கார வைத்துப் பதிவு செய்ய முடியாது. யாராவது சொல்லுங்களேன்.

தட்டச்சு மேசை – 9.21
எந்த மென்பொருள்? என்ன மொழி? எத்தனை நிமிடம்? எத்தனை பேர் பேசுகிறார்கள்? இணையத்தில் ஏற்றுகிறீர்களா, உங்கள் கணினியிலேயே ஓட்டுகிறீர்களா? இதெல்லாம் தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

அலைவரிசை – 9.25
இரைச்சல்தான் காரணம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, யாரும் பேசாத இடத்தில் இரண்டு விநாடி தேர்ந்தெடுத்து, இரைச்சல் நீக்கம் கொடுங்கள். எனக்கு வந்த பத்து கோப்புகளில் எட்டு இப்படித்தான் சரியாகின.

நெடுங்கணக்கு – 9.38
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். நீங்கள் சிறிய மாடலை ஓட்டுகிறீர்கள். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளின் சிறிய மாடல்கள் தமிழுக்கு உதவாது. 2022 செப்டம்பரில் ஓபன்ஏஐ அதை வெளியிட்டபோது பயிற்சிக்கு எடுத்தது 6,80,000 மணி நேர ஒலி. அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்தே 1,17,000 மணி நேரம்தான். பெரிய மாடல் இல்லாமல் தமிழில் இறங்கவே கூடாது. அதற்குக் கிராபிக்ஸ் கார்டில் 10 ஜிபி அளவுக்கு நினைவகம் வேண்டும்.

அலைவரிசை, இரைச்சல் நீக்கினால் ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகளும் சேர்ந்து போய்விடும். இந்த மாடல் இரைச்சலோடுதான் பயின்றது. அதைத் தொடாமல் விடுவது நல்லது.

வெண்பனி – 9.52
விஸ்பர்தான், என் கணினியில். எம்பி4 வீடியோ, 1 மணி 38 நிமிடம். தமிழ்.

தட்டச்சு மேசை – 9.55
எந்த மாடல்? மொழியைத் தமிழ் என்று நீங்களே கொடுத்தீர்களா, தானாகக் கண்டுபிடிக்க விட்டீர்களா? வேறு ஏதாவது பதிவை இதே முறையில் ஓட்டிப் பார்த்தீர்களா?

மறுமொழியாளர் – 10.03
என் வழியைச் சொல்கிறேன், ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஹெட்போனில் பதிவைக் கேளுங்கள், கேட்டதை அப்படியே உங்கள் குரலில் திருப்பிச் சொல்லுங்கள். கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு அதை எழுதிக்கொள்ளும். உங்கள் குரலும் மைக்கும் எப்போதும் ஒன்றே என்பதால் பிழை குறையும். தொலைக்காட்சி நேரலைகளுக்கு வசன வரி போடுகிறவர்களில் பலரும் இப்படித் திருப்பிச் சொல்லித்தான் வேலை செய்கிறார்கள். 98 நிமிடப் பேச்சை ஒரே நாளில் முடித்துவிடலாம்.

நெடுங்கணக்கு – 10.10
மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விட்டால் முதல் 30 விநாடியை மட்டும் கேட்டுத்தான் அது முடிவு செய்யும். அந்த 30 விநாடியில் நாற்காலி நகர்த்தும் சத்தம் இருந்தால் முடிவும் அப்படித்தான் இருக்கும். மொழியைக் கொடுங்கள். முந்தைய வரியைப் பார்த்து அடுத்த வரியை எழுதும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒரே சொல் சுழல்வதற்கு அதுதான் வழக்கமான காரணம். இவை அடிப்படை.

வெண்பனி – 10.47
பெரிய மாடல்தான். மொழி கொடுத்தாகிவிட்டது, அந்த அமைப்பையும் அணைத்தேன். சுழல்வது நின்றது, ஆனால் இப்போது ஏறக்குறைய காலிப் பக்கம். நடுநடுவே "நன்றி" மட்டும். என் மொபைலில் பதிவு செய்த வேறொரு பேச்சைக் கொடுத்தால் அழகாக எழுதுகிறது. இந்தக் கோப்பு மட்டும்தான் இப்படி. இரைச்சல் நீக்கியும் பார்த்தேன், பயனில்லை.

நான் ஹெட்போன் போட்டுத்தான் கேட்கிறேன், நன்றாகக் கேட்கிறது. அம்மாவிடம் மொபைலில் போட்டுக் காட்டினேன், அதில் மட்டும் எங்கோ குகைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. மொபைல் பழசு.

சொல்லடுக்கு – 11.02
ஒன்று கேட்கலாமா? எழுத்து வந்த பிறகு அதை எழுத்துத் தமிழாக மாற்றப் போகிறீர்களா, பேசியபடியே விடப் போகிறீர்களா? பேசியபடி என்றால் இந்த மென்பொருள்களை நம்ப வேண்டாம். "வந்துக்கிட்டு இருந்தாங்க" என்று சொன்னதை "வந்து கொண்டிருந்தார்கள்" என்று அதுவாகவே திருத்திவிடும்.

நெடுங்கணக்கு – 11.08
திருத்துவது நல்லதுதானே? படிக்கிறவருக்கு எழுத்துத் தமிழ்தான் வேண்டும். பேச்சை அப்படியே அச்சில் போட்டால் இரண்டாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவார்கள்.

சொல்லடுக்கு – 11.15
84 வயதுக்காரர் "வெள்ளாமை" என்று சொல்லியிருப்பார். நீங்கள் "வேளாண்மை" என்று எழுதுவீர்கள். அடுத்து வருகிறவர் "விவசாயம்" என்பார். அவர் சொன்ன சொல் எங்கே போயிற்று? அந்தச் சொல்லுக்காகத்தானே அவரை உட்கார வைத்துப் பேச வைத்தோம். நேர்காணலில் திருத்தலாம் என்றால் பதிவே எதற்கு?

தட்டச்சு மேசை – 11.19
இரண்டு பிரதி வைத்துக்கொள்ளலாம், ஒன்று பேசியபடி, ஒன்று படிக்க. நான் அப்படித்தான் கொடுப்பேன். ஆனால் முதலில் அவருக்கு எழுத்து வரட்டும்.

பழைய நாடா – 11.31
வெண்பனி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன மொபைல் விஷயம்தான் இங்கே முக்கியம். மொபைலில் குறை இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு கேள்வி. பதிவு செய்தபோது மேடையில் வைக்கிற மாதிரி மூன்று முள் கேபிள் மைக்கை ஒரு கன்வெர்ட்டர் வழியாகக் கேமராவில் செருகினார்களா? ஹெட்போனில் கேட்கும்போது குரல் நடுவில் நிற்காமல் இரண்டு காதுக்கும் வெளியே பரவியது போல இருக்கிறதா?

வெண்பனி – 11.36
ஆமாம், பெரிய மைக், வெள்ளி நிற முனை. வீடியோ எடுத்தவர் கொண்டுவந்தது. குரல் பரவித்தான் இருக்கிறது, ஸ்டீரியோ என்பதால் அப்படி என்று நினைத்தேன்.

பழைய நாடா – 11.58
அப்படியானால் விஷயம் இதுதான். அந்த வகை மைக்கில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில் நேர் எதிராக ஓடும். ஒன்றில் அலை மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்கும். நீளமான கேபிளில் நுழையும் இரைச்சலைக் கழித்துவிடுவதற்கான ஏற்பாடு அது. கன்வெர்ட்டர் சரியானதாக இல்லையென்றால், கேமராவின் ஸ்டீரியோ துளை ஒரு கம்பியை இடது என்றும் மற்றதை வலது என்றும் எடுத்துக்கொள்ளும். ஹெட்போனில் இடது இடக்காதுக்கு, வலது வலக்காதுக்கு. தனித்தனியாகப் போவதால் குரல் கேட்கும். விஸ்பர் எந்தக் கோப்பையும் முதலில் 16,000 ஹெர்ட்ஸ் மோனோவாக, அதாவது ஒற்றைத் தட ஒலியாக, மாற்றிக்கொண்டுதான் கேட்கும். இடதையும் வலதையும் சேர்க்கும் அந்த நொடியில் குரல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஏறக்குறைய நிசப்தம். நிசப்தத்தைக் கொடுத்தால் இந்த மாடல் "நன்றி" போல எதையாவது தானாக எழுதும், அது தெரிந்த குறைதான். ஒற்றை ஸ்பீக்கர் மொபைலும் இதே கூட்டலைத்தான் செய்கிறது. அதனால்தான் குகை.

கண்ணாலேயே பார்த்துவிடலாம். கோப்பை ஆடாசிட்டியில் திறந்து, அவர் ஒரு சொல்லைத் தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள், திரையின் அகலம் முழுக்க நூறில் ஒரு விநாடி மட்டும் தெரியும் வரை. மேலே இருக்கும் கோட்டில் மலை வரும் இடத்தில் கீழ்க்கோட்டில் அதே உயரத்துக்குப் பள்ளம் இருந்தால், ஆற்றோரத்து மரமும் தண்ணீரில் அதன் நிழலும் போல, சந்தேகமே வேண்டாம்.

நெடுங்கணக்கு – 12.06
மோனோ ஆக்குவது என்றால் இரண்டின் சராசரி எடுப்பது, அவ்வளவுதான். சராசரியில் எப்படிக் குரல் போகும்? பத்து வருடமாக ஸ்டீரியோ கோப்புகளை மாற்றிக் கொண்டிருக்கிறேன், ஒரு தடவை கூட இப்படிப் பார்த்ததில்லை.

பழைய நாடா – 12.11
இடது +5, வலது −5. சராசரி எவ்வளவு?

தட்டச்சு மேசை – 12.13
பூச்சியம். நெடுங்கணக்கு, நீங்கள் பார்த்த ஸ்டீரியோ கோப்புகளில் இரண்டு பக்கமும் ஒரே திசையில் ஏறி இறங்கியிருக்கும்.

மறுமொழியாளர் – 12.15
இதற்குத்தான் நான் சொன்ன வழி. காது கேட்டால் போதும், மோனோ ஸ்டீரியோ தொல்லை கிடையாது.

பழைய நாடா – 12.20
சரி செய்வது எளிது. டிராக் பெயருக்குப் பக்கத்து மெனுவில் ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. பிரித்து, வலதை நீக்கிவிட்டு, இடதை மட்டும் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். அதை விஸ்பரிடம் கொடுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்பினால் ஒன்றை மட்டும் தலைகீழாக்கிவிட்டுச் சேர்க்கலாம், கேபிளில் நுழைந்த இரைச்சலும் கொஞ்சம் குறையும். இன்றைய அவசரத்துக்கு ஒரு பக்கம் போதும். மூல வீடியோவைத் தொடாதீர்கள்.

நெடுங்கணக்கு – 12.34
கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். நானும் என் பழைய கோப்பு ஒன்றில் ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாக்கிச் சேர்த்துப் பார்த்தேன், குரல் போய்விட்டது.

வெண்பனிக்கு இன்னொன்று. ஆட்பெயர், ஊர்ப்பெயர்களை முன்குறிப்பாகக் கொடுத்தால் அது சரியாக எழுதும். ஆனால் முன்குறிப்புக்கு 224 டோக்கன்தான் (மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் சிறு துண்டுகள்) இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட், "கொ" என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட். அதனால் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடிக்கடி வரும் பத்துப் பதினைந்து பெயர்களை மட்டும் கொடுங்கள். யார் பேசினார் என்று அது பிரித்துக் காட்டாது, கேள்வியையும் பதிலையும் நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

சொல்லடுக்கு – 12.41
அந்த முன்குறிப்பையே பேச்சுத் தமிழில் எழுதிக் கொடுத்தால் வெளிவருவதும் ஓரளவு பேச்சுத் தமிழாக வரும். நான் செய்து பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் "வெள்ளாமை" பிழைத்தது.

நெடுங்கணக்கு – 12.49
படிக்கிறவருக்கு அடிக்குறிப்பு போட்டால் போதாதா? நூறு பக்கம் பேச்சு வழக்கில் படிப்பது லேசான காரியம் இல்லை.

சொல்லடுக்கு – 12.55
சொன்னவர் சொல் மேலே இருக்கட்டும், நம் சொல் அடிக்குறிப்பில் இருக்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

வெண்பனி – காலை 6.20
மரமும் நிழலும்தான். இடது மட்டும் எடுத்து ஓட்டினேன், முழுக்க வந்துவிட்டது. பெயர்கள் நிறையத் தப்பு, உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். பழைய நாடாவுக்கும் எல்லோருக்கும் மிக்க நன்றி.

தட்டச்சு மேசை – காலை 6.44
மகிழ்ச்சி. திருத்தும்போது ஒலியை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டே திருத்துங்கள், எழுத்தை மட்டும் பார்த்தால் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். "நன்றி" என்று வரும் இடங்களை எல்லாம் தேடிப் பாருங்கள். அவர் பேச்சை நிறுத்தி யோசித்த இடமாக இருக்கலாம்.

பழைய நாடா – காலை 7.02
அதே வீடியோக்காரர் வேறு யாரையாவது இதே கேபிளில் பதிவு செய்திருக்கிறாரா? செய்திருந்தால் அந்தக் கோப்புகளிலும் இப்படித்தான் இருக்கும். யாராவது மோனோவாக மாற்றிச் சேமித்துவிட்டு மூலத்தை அழிப்பதற்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சொல்லடுக்கு – மறுநாள் மாலை 4.30
வெண்பனி, அந்த முதியவர் கடைசியில் "வெள்ளாமை" என்றுதான் சொன்னாரா?