மயோசிடிஸ் எண்ட தசை வருத்தம் வந்தா தொடர்ந்து நடிக்க ஏலாதோ? சமந்தா என்ன மாதிரிச் சமாளிச்சவா?

கிளிநொச்சிப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். என்ர அக்கா பள்ளிக்கூடக் காலத்தில இருந்து கூத்து நாடகம் எண்டு திரியிற ஆள், ரெண்டு குறும்படத்திலயும் நடிச்சவா. போன மாரிக்குப் பிறகு கீழ இருந்தா கையூண்டாம எழும்ப ஏலாமப் போச்சு, தலை இழுக்கக் கையைத் தூக்கினா சீப்போட பாதியில விழுந்திடும். களைப்பாக்கும் எண்டு விட்டிட்டம். பேந்து தசை பழுதானா ரத்தத்தில கூடுற சிபிகே எண்டதைப் பாத்து, இன்னும் கனக்க டெஸ்ட் செய்துதான் மயோசிடிஸ் எண்டு சொன்னவை. இப்ப ஸ்டீராய்ட் குடிக்கிறா, முகம் ஊதிட்டுது. நாடகக் குழுவில அவாவிட்ட ஒரு சொல் கேக்காமலே பாத்திரத்தை வேற ஆளுக்குக் குடுத்திட்டினம். அண்டைக்கு முழுக்க அக்கா ஒருதரோடயும் கதைக்கேல்ல. சமந்தாவுக்கும் இதே வருத்தம்தானே, அவா எப்பிடித் திரும்பி வந்தவா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

முல்லைக்கடல்:
தங்கச்சி, அவா அதை வெளியில சொன்னது 2022 ஒக்டோபர் கடைசியில, யசோதா படம் வர ரெண்டு கிழமைக்கு முன்னம். இன்ஸ்டாகிராமில போட்ட படத்தைத் தேடிப் பாருங்கோ, கையில சேலைன் ஏறுது, முன்னால மைக், டப்பிங் பேசிக்கொண்டிருக்கிறா. சுகமான பிறகு சொல்லுவம் எண்டுதான் இருந்தவாவாம், நினைச்சதை விட நாள் எடுத்திட்டுது. 2010ல சினிமாவுக்கு வந்த ஆள், அதுக்கு முன்னமும் 2012ல தோல் வருத்தம் வந்து பெரிய படங்கள் கைவிட்டுப் போனது. 2023ல குஷி முடிச்சுப்போட்டு நடிப்பை நிப்பாட்டி வைத்தியத்தைப் பாத்தவா. பிறகு 2024 நவம்பரில சிட்டாடல் தொடர், 2025ல சொந்தமா ஒரு படமும் தயாரிச்சவா. முந்தின ஓட்டம் இல்லைத்தான், ஆனா எது செய்யிறது எது விடுறது எண்டு அவாதான் முடிவெடுத்தவா. உங்கட அக்காவிட்ட இருந்து பறிச்சது அதைத்தான், எனக்கு அதுதான் சரியான கோவம்.

மாங்குளத்து அன்ரி:
மகள், எனக்கும் இந்த வருத்தம்தான், ஒன்பது வருசம். எங்கட உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கிறது, தொடையும் தோளும்தான் முதல்ல போகும். ஸ்டீராய்டை முகம் ஊதுது எண்டு தன்ர பாட்டில நிப்பாட்ட விடாதேங்கோ, அது ஆபத்து, டொக்டர்தான் மெல்ல மெல்லக் குறைக்கவேணும். சாப்பாடு விழுங்கக் கஷ்டம், மூச்சு எடுக்கக் கஷ்டம் எண்டா கிளினிக் திகதி மட்டும் பாத்துக்கொண்டு இருக்காம உடன கொண்டு போங்கோ. தோலும் சிவக்குதெண்டா வெயில் கூடாது, எங்கட பக்கம் பங்குனி சித்திரையில பத்து மணிக்கே குடை வேணும். கிணத்தில வாளி இழுக்க விடாதேங்கோ, ஒரு உயரக் கதிரையும் வாங்கிக் குடுங்கோ, கௌரவமா எழும்பலாம். ஆனா படுக்கவே போட்டு வைக்காதேங்கோ, டொக்டரிட்டக் கேட்டு அளவான எக்சசைஸ் செய்ய வேணும்.

வவுனியா வாசகன்:
தி ஃபேமிலி மேன் எண்ட இந்தித் தொடரின்ர ரெண்டாம் சீசனில எங்கட ஈழத்துச் சனத்தைக் காட்டின விதம் எனக்கு இண்டைக்கும் ஆறேல்ல, அதில சமந்தா நடிச்சதும்தான். அந்த மனத்தாங்கலோட இருந்த நான்தான் அந்த சேலைன் படத்தைப் பாத்திட்டுக் கனநேரம் போனைக் கீழ வைக்கேல்ல. வருத்தம் வேற, அரசியல் வேற. அக்காவுக்குக் குரல் நல்லா இருந்தா டப்பிங், வானொலி நாடகம் எண்டு கேட்டுப் பாருங்கோவன்.

கிளிநொச்சிப்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன். அன்ரி சொன்ன கதிரை நேற்றே வாங்கியாச்சு. குறும்படம் எடுத்த பெடியனுக்கு அக்காவே கோல் எடுத்து டப்பிங் இருக்கோ எண்டு கேட்டவா, புதன்கிழமை கிளினிக், வியாழன் அங்க போறம்.