நாத்திகர்கள் நிறைய இருக்கும் ஊர், இல்லவே இல்லை என்று சொல்லும் ஊர்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

எந்த நாட்டில் எத்தனை சதவீதம் என்பது தேடினால் கிடைத்துவிடும். வெளியூரில் இருப்பவர்கள் கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை எழுதுங்கள்.

பிராக்கிலிருந்து:

செக் குடியரசில் சில வருடங்களாக வேலை பார்க்கிறேன். நம் ஊரில் நாத்திகம் என்றால் மேடை, விவாதம், கருப்புச் சட்டை. இங்கே அப்படி எதுவும் கிடையாது. கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சே எழுவதில்லை. ஆபீஸில் அதைப் பற்றி யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

போன வருடம் என் டீமில் ஒருவரின் அப்பா இறந்துவிட்டார். இறுதிச் சடங்கு எப்போது என்று கேட்டேன். "எதுவும் வைக்கவில்லை. எரித்துவிடச் சொல்லிவிட்டோம். சாம்பலைப் பிறகு போய் வாங்கிக்கொள்வோம்" என்றார். அப்பாவின் விருப்பமே அதுதானாம். எனக்கு மனசு கேட்கவில்லை. நீர்மாலை, கொள்ளிக்குடம், பங்காளிகள் கூட்டம் எல்லாம் பார்த்து வளர்ந்தவனுக்கு இது ரொம்பக் கொடுமையாகத் தெரிந்தது.

அப்புறம் எங்கள் மாடியில் குடியிருந்த ஒரு பாட்டியின் இறுதி நிகழ்ச்சிக்கு பிராக்கிலேயே உள்ள ஸ்ட்ராஷ்னிட்சே மயானத்துக்குப் போனேன். பெரிய மண்டபம். பாதிரியார் இல்லை, சிலுவை இல்லை. ஒருவர் பாட்டியின் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார், பாட்டிக்குப் பிடித்த பாட்டை ஒலிக்கவிட்டார்கள், பெட்டிக்கு முன்னால் திரை மூடியது. வெளியே வந்தால் அடுத்த குடும்பம் காத்திருக்கிறது. பாட்டியின் மகள்தான் விஷயத்தை விளக்கினார். கத்தோலிக்கச் சபை 1963 வரை பிணத்தை எரிக்கக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. 1918-இல் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்து செக்கோஸ்லோவாக்கியா (அப்போது செக், ஸ்லோவாக்கியா இரண்டும் ஒரே நாடு) சுதந்திரம் அடைந்த மறு வருடமே எரிப்பதைச் சட்டபூர்வமாக்கினார்கள். அவருடைய தாத்தா அந்தக் காலத்திலேயே சபையை விட்டு வெளியேறி, என்னை எரிக்கத்தான் வேண்டும் என்று எழுதி வைத்தவராம். நமக்கு எரிப்பது சாஸ்திரம். அவர்களுக்கு அது மதத்தை விட்டு வந்ததற்கு அடையாளம்! இன்றைக்கு இங்கே இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேரை எரிக்கத்தான் செய்கிறார்கள்.

இதெல்லாம் கம்யூனிஸ்ட் ஆட்சியின் வேலை என்று பலர் சொல்வார்கள். நான் அதை முழுசாக ஏற்க மாட்டேன். பக்கத்துப் போலந்திலும் அதே ஆட்சிதான் இருந்தது, அங்கே சர்ச் இன்னும் பலமாக நிற்கிறது. இங்கே வேர் ஆழமானது. கத்தோலிக்கச் சபையில் சீர்திருத்தம் பேசிய செக் பாதிரியார் யான் ஹுஸை 1415-இல் உயிரோடு எரித்தார்கள். 1620-இல் பிராக் பக்கத்தில் நடந்த வெள்ளை மலைப் போரில் இங்கிருந்த புராட்டஸ்டன்ட்கள் தோற்றபின், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் ஊரையே கட்டாயமாகக் கத்தோலிக்கத்துக்குத் திருப்பியது. அதனால் சர்ச் என்றாலே அந்நிய ராஜாவின் ஆள் என்று மனசில் பதிந்துவிட்டது. சுதந்திரம் கிடைத்ததும் சில வருடங்களுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி போனபின் 1991-இல் எடுத்த கணக்கில் கத்தோலிக்கர் 39 சதவீதம். 2021-இல் பத்துக்கும் கீழே. சுதந்திரமாக இருந்த வருடங்களில்தான் இந்தச் சரிவு.

அதே 2021 கணக்கில் மதம் இல்லை என்று எழுதியவர்கள் சுமார் 48 சதவீதம். இன்னொரு 30 சதவீதம் பேர் அந்தக் கேள்விக்குப் பதிலே எழுதவில்லை, எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. இவர்கள் எல்லோரையும் நாத்திகர் கணக்கில் சேர்ப்பது தப்பு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மயானத்தைப் போய்ப் பாருங்கள், வாசலெங்கும் சாமந்திப்பூ, மெழுகுவர்த்தி வியாபாரம். சடங்கே வைக்காத அந்த நண்பரும் அப்பாவின் சாம்பல் கலசத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். "ஆவி வரும் என்று நம்புகிறீர்களா?" என்று கேட்டேன். "இல்லை. அப்பா ஞாபகம் வரும்" என்றார்.

(கிழக்கே மொராவியாப் பக்கம் கதை வேறு. அங்கே ஞாயிறு பூசைக்கு இன்னும் நல்ல கூட்டம் வருகிறது.)

ஜகார்த்தாவிலிருந்து:

பிராக் தம்பி எழுதியதைப் படிக்க ஏக்கமாக இருக்கிறது. இங்கே இந்தோனேசியாவில் அடையாள அட்டையிலேயே மதம் என்று ஒரு வரி உண்டு. இஸ்லாம், புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கம், இந்து, பௌத்தம், கன்பூசியம் என்று ஆறு மதங்கள். 2017-இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னபின் பூர்வகுடி நம்பிக்கைகளையும் எழுதலாம் என்றானது. "மதம் இல்லை" என்று எழுத இன்றும் இடமில்லை. முகநூலில் கடவுள் இல்லை என்று எழுதிய மேற்குச் சுமத்ரா அரசு ஊழியர் ஒருவருக்கு 2012-இல் இரண்டரை வருடம் சிறை. ஆக, கணக்கெடுப்பில் நாத்திகர் யாரும் இல்லாததில் ஆச்சரியம் என்ன?

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அட்டைப்படி முஸ்லிம், அவர் காதலித்த பெண் கத்தோலிக்கர். இரண்டு பேருக்கும் நம்பிக்கை கிடையாது. 1974 திருமணச் சட்டப்படி கல்யாணம் ஏதாவது ஒரு மதத்தின் முறையில்தான் நடக்க வேண்டும். நம்பாத மதத்துக்கு ஒருவர் மாற வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? இதைக் கேட்டுக் கேட்டு அவர் வெறுத்துப் போனார்.

பிராக்கிலிருந்து:

அண்ணா, கடைசியில் கல்யாணம் நடந்ததா?

ஜகார்த்தாவிலிருந்து:

நடந்தது தம்பி. சிங்கப்பூர் போய்ப் பதிவு செய்தார்கள். இங்கே இந்தச் சிக்கலில் மாட்டுகிற பல ஜோடிகளுக்கு அதுதான் வழி, ஆனால் கையில் காசு இருக்க வேண்டும். அட்டையில் பழைய மதத்தையே வைத்திருக்கிறார்கள். அவருடைய அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.