இலைப் பச்சை தாளில் நிற்க என்ன செய்யலாம்?

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஓவியத்துக்கும் நானேதான்.

"பிடித்ததை வரையுங்கள்" என்றால் எல்லாத் தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை. பாதிப் பேரிடம் கிரையானும் இல்லை. அதனால் களமெழுத்தின் (கேரளக் கோயில்களில் தரையில் வண்ணப் பொடியால் தெய்வ உருவம் வரையும் கலை) ஐந்து பொடிகளைக் கையில் எடுத்தேன்: அரிசிமாவு வெள்ளை, மஞ்சள், உமிக்கரி கறுப்பு, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு, இலையை உலர்த்திப் பொடித்த பச்சை. மஞ்சள் கண்ணெதிரே சிவந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தம் பக்கத்து வகுப்புவரை கேட்டது. (சுண்ணாம்பை நான்தான் கலக்குகிறேன், அவர்கள் கையில் தருவதில்லை.) அப்புறம் மலையும் சூரியனும் குறைந்துவிட்டன. ஒரு பையன் தாள் முழுக்கப் பாட்டியின் கையை வரைந்தான், பாட்டி ஓரத்தில் சின்னதாக. இந்த வயதில் மனதுக்கு முக்கியமானதுதான் பெரிதாக வரும், நான் திருத்தவில்லை.

இப்போது உங்கள் உதவி வேண்டும். தரையில் அழகாக இருக்கும் பொடி தாளில் உதிர்கிறது. அரிசிக் கஞ்சியில் குழைத்தால் ஒட்டுகிறது, ஆனால் இரண்டே நாளில் பூசணம் பிடிக்கிறது. வேப்பம்பிசின் சரிவருமா, எந்த அளவில்? பச்சையும் ஒரு வாரத்தில் பழுப்பாகிவிடுகிறது. முருங்கை இலையை நிழலில் உலர்த்தியதில் கொஞ்சம் பரவாயில்லை. வேறு எந்த இலை நிற்கும்?

களமெழுத்து தெரிந்தவர் யாராவது அரை நாள் பள்ளிக்கு வர முடிந்தால் சொல்லுங்கள். பயணச் செலவு என்னுடையது. ஓண விடுமுறைக்கு முன் என்றால் நல்லது.