ஓய்வுக்கு 1 கோடி போதுமா? வயது 45, மாதச் செலவு 40,000

வைகைக்கரை:
வணக்கம். தனியார் வேலை, மதுரையில் சொந்த வீடு, கடன் இல்லை. 60-ல் ஓய்வு. மனைவிக்கு 40, வீட்டில்தான் இருக்கிறார். பையன் படிப்புக்குத் தனியாக எடுத்து வைத்தாயிற்று. அது போக வீட்டுச் செலவு 40,000. பி.எஃப்.-ல் 12 லட்சம், பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 30,000, சர்வீஸ் 2005-லிருந்து. 1 கோடியை எஃப்டியில் போட்டால் 7 சதவீதத்தில் மாதம் 58,000 வருமே, போதாதா? போதாதென்றால் இப்போதிருந்து மாதம் எவ்வளவு போட வேண்டும்?

கணக்கு வழக்கு:
போதாது சார். விலைவாசி வருடம் 6% ஏறினால் இன்றைய 40,000 என்பது 15 வருடத்தில் 95,900 ஆகிவிடும், வருடத்துக்கு 11.5 லட்சம். 58,000 முதல் மாதத்திலேயே பற்றாது. அதைவிடப் பெரிய சிக்கல், எஃப்டி வட்டி அதே 58,000-ல் நிற்கும், செலவு நிற்காது. அசலில் கை வைத்தால் 1 கோடி சுமார் 9 வருடத்தில், உங்கள் 69 வயதில், காலி.

85 வயது வரை 25 வருடம், ஓய்வுக்குப் பின் வரி போக 7% வருமானம் என்று வைத்தால் முதல் வருடச் செலவைப் போல் 22.4 மடங்கு வேண்டும்: 2.57 கோடி. (எஃப்டி மட்டும் வைத்து வரி போக 7% எடுப்பது கஷ்டம். கொஞ்சம் ம்யூச்சுவல் ஃபண்டும் இருக்க வேண்டும்.)

கையில் இருப்பதைக் கழிப்போம். பி.எஃப்.-ல் மாதம் நீங்கள் கட்டும் 3,600 (பேசிக்கில் 12%), கம்பெனி கட்டும் 3,600-ல் பென்ஷனுக்கு 1,250 போக மீதி 2,350, ஆக மாதம் 5,950. 8 சதவீதத்தில் பழைய 12 லட்சத்தோடு சேர்த்து சுமார் 58 லட்சம். பி.எஃப். பென்ஷனை நம்பித் திட்டம் போடாதீர்கள். 15,000 சம்பளம் (பேசிக் அதற்கு மேல் இருந்தாலும் வரம்பு இவ்வளவுதான்) × சர்வீஸ் வருடங்கள் ÷ 70 என்பதுதான் கணக்கு. செப்டம்பர் 2014-க்கு முந்தைய வருடங்களுக்கு 6,500 தான் எடுப்பார்கள். மாதம் 6,000-ஐ ஒட்டி வரும், விலைவாசிக்கேற்ப ஏறாது. இன்றைய மதிப்பில் அது 2,500 ரூபாய். 60 வயதில் மொத்தமாகக் கையில் இருக்கும் 9 லட்சத்துக்குச் சமம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சேமிப்பு_செல்வி:
25 வருடம் என்பது அண்ணனுக்கு மட்டும் போட்ட கணக்கு. அண்ணி 5 வயது இளையவர், அவர் 85 வரை என்றால் 30 வருடம். கடைசி 5 வருடம் ஒருவர் செலவு, 70% என்று வைத்தாலும் 2.9 கோடி ஆகிறது. அண்ணனுக்குப் பிறகு அந்தப் பென்ஷனும் பாதிதான் வரும்.

பி.எஃப்.-ம் பென்ஷனும் கழித்தால் 2.23 கோடி பாக்கி. 10% வருமானம் என்று வைத்து, மாதம் 30,000-ல் எஸ்ஐபி (ம்யூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) தொடங்கி வருடா வருடம் 10% கூட்டினால் 15 வருடத்தில் வந்துவிடும். கூட்டாமல் ஒரே தொகையாகப் போட்டால் மாதம் 53,000 வேண்டும்.

40,000-ஐயும் ஒருமுறை சரிபாருங்கள். மொய், சீர், வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு எதுவும் மாதக் கணக்கில் வராது. 12 மாத பாஸ்புக்கைக் கூட்டி 12-ஆல் வகுத்தால்தான் சரியான தொகை தெரியும். மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தைத் தனி வரியாக எழுதுங்கள், அது 6 சதவீதத்தைவிட வேகமாக ஏறும். சர்க்கரை, பிரஷர் வருவதற்கு முன்பே பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி இருவருக்கும். 30,000 முடியாது, 20,000 தான் முடியும்.

கணக்கு வழக்கு:
மனைவி வயதைச் சேர்த்தது ரொம்பச் சரி. 20,000-ல் தொடங்கி அதே 10% கூட்டினால் 1.49 கோடி, 74 லட்சம் குறையும். ஆனால் 62 வரை வேலை பார்த்தால் அந்தக் குறை சுமார் 20 லட்சமாகச் சுருங்கிவிடும்: செலவழிக்கும் காலம் 2 வருடம் குறைகிறது, பணத்துக்கு 2 வருடம் கூடுதலாக வளர நேரம் கிடைக்கிறது. வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராச்சுவிட்டி (கடைசி பேசிக் × 15/26 × அந்தக் கம்பெனியில் இருந்த வருடங்கள்) அதில் ஒரு பகுதியை அடைக்கும்.

60 ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போடலாம். இன்றைய 8.2 சதவீதத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும், 5 வருடத்துக்கு வட்டி மாறாது. மனைவி பெயரில் தனிக்கணக்கு அவருக்கு 60 ஆன பிறகுதான். அதுவரை அவர் பங்கை வேறு இடத்தில் வையுங்கள்.