வீட்டு சர்வர் ரேக்குக்கு நெட்வொர்க் பவர் ஸ்ட்ரிப்: கட்டுப்படியாகிற விலையில் எது?

வணக்கம் நண்பர்களே. கோவையில் வீட்டிலேயே சின்ன ரேக் வைத்திருக்கிறேன். சர்வர், நாஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி), நெட்வொர்க் ஸ்விட்ச், மோடம் எல்லாம் சேர்ந்து 250 வாட்டைத் தாண்டாது.

போன வாரம் வெளியூரில் இருந்தபோது சர்வர் ஹேங் ஆகிவிட்டது. அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு, "மூணாவது பிளக்கைக் கழட்டி மாட்டுங்கம்மா" என்றேன். எல்லாமே ஒரே மாதிரி கறுப்பு ஒயர். அவங்க கையில் வந்தது நாஸ் பிளக். பேக்கப் ஓடிக்கொண்டிருந்த நேரம். குழந்தையின் போட்டோக்கள் பத்திரமா என்று சரிபார்த்து முடிக்கும்வரை தூக்கமே இல்லை.

அதனால் வெளியூரில் இருந்தே நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு சாக்கெட்டையும் தனித்தனியாக ஆஃப், ஆன் செய்யணும். கம்பெனியின் கிளவுட் சர்வரை நம்பியிருப்பது வேண்டாம். லேன் போர்ட் (நெட்வொர்க் ஒயர் மாட்டும் இடம்) இருந்தால் நிம்மதி. வைஃபையே போய்விட்டால் வைஃபை பிளக்கை எப்படி எட்டுவது? கரண்ட் போய் வந்தால் பழைய நிலைக்கே திரும்பணும்.

டிபி-லிங்க் எச்எஸ்300 ஸ்ட்ரிப் அமெரிக்க 120 வோல்ட்டுக்கானது, நமக்கு ஆகாது. பழைய ஏபிசி (APC) ஏபி7920 (AP7920) பிடித்திருக்கிறது: 230 வோல்ட், எட்டு சி13 அவுட்லெட் (யூபிஎஸ் பின்புறம் இருக்கிற மாதிரி சாக்கெட்). நம்ம சாதாரண பிளக் அதில் நேராக மாட்டாது, மாற்று ஒயர் வேண்டும்.

பட்ஜெட் 8,000 ரூபாய். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் ரிலேவை (சாக்கெட்டை ஆன், ஆஃப் செய்யும் உள் சுவிட்ச்) எப்படிச் சோதித்தீர்கள்? இல்லை, டாஸ்மோட்டா (கிளவுட் இல்லாமல் இயங்க வைக்கும் இலவச மென்பொருள்) போட்ட வைஃபை ஸ்மார்ட் பிளக் நாலு போதுமா? இவற்றை யூபிஎஸ் அவுட்புட்டில் மாட்டி ஓட்டுகிறவர்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவி.