விமானம் கிடைத்தது, ஆட்கள் அதில் இல்லை: 'லேடி பி குட்' பற்றி ஒரு கேள்வி

கதிர்_24 எழுதியது:

இரண்டாம் உலகப் போரில் தொலைந்துபோன குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி ஒரு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே சுற்றினாலும் மனசு 'லேடி பி குட்'டில்தான் வந்து நிற்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அது அமெரிக்க பி-24 லிபரேட்டர். 1943 ஏப்ரல் 4 அன்று லிபியாவின் சொலூக் தளத்திலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸைத் தாக்கக் கிளம்பியது. உள்ளே ஒன்பது பேர். அவர்களுக்கு அதுதான் முதல் போர்ப் பயணம். திரும்பவில்லை. மத்தியதரைக் கடலில் விழுந்திருக்கும் என்று முடிவு கட்டினார்கள். 1958-ல் எண்ணெய் தேடப் போனவர்கள் அதைப் பாலைவனத்தில், தளத்திலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தார்கள். உள்ளே ஒருவரும் இல்லை.

என் கேள்வி: ராத்திரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொந்தத் தளத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் தெற்கே பறந்துகொண்டே இருப்பது எப்படி நடக்கும்? ரேடியோ இருந்தது, தரையோடு பேசவும் செய்தார்கள். அப்புறம், எட்டுப் பேரின் உடல்கள் கிடைத்தன, வெர்னன் மூர் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஏன் அவர் மட்டும்?

ஸ்பார்க்ஸ்_மாணிக்கம் எழுதியது:

தம்பி, நான் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். கப்பலில் எங்களை 'ஸ்பார்க்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். உங்கள் முதல் கேள்வி என் தொழிலைத் தொடுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வீட்டில் மீடியம் வேவ் எடுக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருக்கிறதா? ஒரு நிலையத்தை வைத்துவிட்டு, மேசைமேல் மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு இடத்தில் சத்தம் தேய்ந்து, கரகரவென்று ஆகிவிடும். உள்ளே இருக்கும் கறுப்பு ஃபெரைட் குச்சியின் முனை அப்போது நிலையத்தைப் பார்த்து நிற்கிறது. இன்னும் சுழற்றுங்கள். அரைச் சுற்றுக்கு அப்புறம் சத்தம் மறுபடி அதே மாதிரி தேயும். நிலையம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் என்பது தெரியவே தெரியாது.

ரேடியோ அலை வரும் திசையை அளக்கும் வளைய ஏரியலும் இப்படித்தான். எங்கள் கருவியில் அதற்காகவே 'சென்ஸ்' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அதை அழுத்தினால் இன்னொரு ஏரியலும் சேர்ந்துகொண்டு முன்னா பின்னா என்று சொல்லிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அதை அழுத்த மறந்து, நேர் எதிர்த் திசையைக் குறித்துக் கொடுத்துவிட்டேன். பகல் நேரம், கரை கண்ணுக்குத் தெரிந்தது, கேப்டன் சீட்டைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு மேகமூட்டமாக இருந்திருந்தால் என்று இப்போதும் நினைப்பேன்.

அந்த ராத்திரி பைலட் ஹாட்டன் லிபியாவின் பெனினா ரேடியோ நிலையத்தைக் கூப்பிட்டுத் திசை கேட்டார். நிலையம் அளந்து, விமானம் தன்னிடமிருந்து 330 பாகையில் இருக்கிறது என்றது. வடமேற்கு, அதாவது கடல் பக்கம். கடலிலிருந்துதான் வரவேண்டும், எனவே எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் விமானம் அதற்குள் கரையைத் தாண்டி உள்ளே போய்விட்டிருந்தது. உண்மையான திசை 150, நேர் எதிர்ப்பக்கம். ஒற்றை வளையத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 'வீடு இன்னும் முன்னால் இருக்கிறது' என்று நம்பித் தென்கிழக்கே போய்க்கொண்டே இருந்தார்கள். கீழே இருட்டு. மணலா தண்ணீரா என்று எப்படித் தெரியும்?

அந்த ஆபரேட்டரை யாராவது குறை சொன்னால் எனக்குத் தாங்காது. கருவி காட்டியதைத்தான் அவர் சொன்னார்.

மூர் விஷயம். எரிபொருள் தீர்ந்ததும் ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்தார்கள். வொராவ்காவுக்குப் பாராசூட் சரியாக விரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் ஒன்று சேர்ந்து வடக்கே நடந்தார்கள், கடற்கரை பக்கத்தில்தான் இருக்கும் என்ற நினைப்பில். விமானம் ஆளில்லாமலே மிதந்துபோய், தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் வயிற்றால் இறங்கியது. அதில் குடிதண்ணீர் இருந்தது, வேலை செய்யும் ரேடியோ இருந்தது. துணை பைலட் டோனர் நாள்தவறாமல் டைரி எழுதினார்: எட்டுப் பேருக்கும் சேர்த்து அரைக் குடுவைத் தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி. அப்படியே 100 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். பிறகு ஐந்து பேரால் முடியவில்லை. ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடி மேலே போனார்கள். டைரி ஏப்ரல் 12-ஓடு நிற்கிறது.

விமானம் கிடந்தது சரளைத் தரை. அதனால்தான் 15 வருஷம் கழித்தும் மேலிருந்து தெரிந்தது. இந்த மூவர் போனது மணற்குன்றுகளுக்குள். 1960-ல் இருவர் கிடைத்தார்கள். குன்று நகரும் தம்பி. மூர் அதற்குக் கீழே எங்கேயோ இருக்கிறார்.

நங்கூரம் எழுதியது:

மாணிக்கம் ஐயா சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு: விமானம் கிடைத்தும் அது எது என்று தெரியாமல் போவது. நெதர்லாந்தில் மார்க்கர்மேர் ஏரியில் 2008-ல் ஒரு படகின் நங்கூரத்தில் மாட்டி ஒரு துண்டு மேலே வந்தது. பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானம். முதலில் அதை வேறொரு ஸ்டெர்லிங் என்றே எண்ணினார்கள். பிறகு சேற்றிலிருந்து ஒரு சிகரெட் பெட்டி கிடைத்தது, மேலே உரியவரின் பெயரெழுத்துகள். அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அது பிகே716 என்று கண்டார்கள். 1943 மார்ச்சில் பெர்லினிலிருந்து திரும்பும்போது விழுந்தது, ஏழு பேர். 2020-ல் வெளியே எடுத்தார்கள்.

அந்த ஏழு பேரும் அதுவரை இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்துச் சுவரில் வெறும் பெயர்களாக இருந்தார்கள். கல்லறை இல்லாத விமானப்படையினர் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே உள்ளன.

மலைப்பாதை எழுதியது:

நம் நாட்டிலேயே பாருங்கள். 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்கு வந்த ஒரு பி-24, எட்டுப் பேரோடு அருணாசலத்து மலையில் மோதியது. 2006-ல்தான் கண்டுபிடித்தார்கள். 2015-ல் அமெரிக்கக் குழு வந்து செங்குத்துச் சரிவில் மண்ணைச் சலித்துத் தேடியது. மறுவருஷம் எச்சங்கள் டெல்லி வழியாக அனுப்பப்பட்டன. அந்தப் பக்கம் இன்னும் எத்தனையோ விமானங்கள் கிடக்கின்றன. மழைக்காலம் விட்டுத் தரும் சில வாரங்களில்தான் தேட முடியும்.

கதிர்_24 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாணிக்கம் ஐயா, பரணில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. புது பேட்டரி போட்டு, விளக்கை அணைத்துவிட்டுச் சுழற்றினேன். நீங்கள் சொன்னபடியே தேய்ந்தது, அரைச் சுற்றில் மறுபடி தேய்ந்தது. எந்தப் பக்கம் நிலையம் என்று சொல்ல முடியவில்லை. பத்து தடவைக்கு மேல் செய்து பார்த்துவிட்டேன்.

ஸ்பார்க்ஸ்_மாணிக்கம் எழுதியது:

அதேதான் தம்பி. அந்த ராத்திரி அவர்கள் கையில் இருந்ததும் அவ்வளவுதான்.