ஜோஷ் கிப்சனுக்கு முதலிடம் கொடுத்தது சரியா?

கணக்குப்பிள்ளை:
2024 மே இறுதியில் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால், தான் கதவடைத்ததால் கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய, 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பினத்தவர் லீக்குகளின் எண்களைத் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில், அதாவது மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு வெற்றிகரமாக அடித்தார் என்ற கணக்கில், முதலிடத்திலிருந்து வெள்ளையின வீரர் டை காப் (.367) இறங்கினார், கறுப்பின வீரர் ஜோஷ் கிப்சன் (.372) ஏறினார். கிப்சனின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காப் ஆடியவை 3,000 ஆட்டங்களுக்கு மேல். கிப்சனுக்குக் கணக்கில் வந்தவை சுமார் 600. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எந்த ஊர் நியாயம்?

பழைய மட்டை:
600 ஏன் என்று கேட்டீர்களா? அந்த லீக்குகளில் பருவத்துக்கு அறுபது, எழுபது ஆட்டங்கள்தான். மற்ற நாளெல்லாம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், கிடைத்த அணியோடு ஆடிப் பிழைத்தார்கள். அந்த ஆட்டங்கள் எதுவும் ஏட்டில் ஏறவில்லை. 1972-இல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் வைத்த பட்டயம் கிப்சனுக்கு ஏறக்குறைய 800 ஹோம் ரன் (ஒரே அடியில் முழுச் சுற்றும் ஓடி எடுக்கும் ஓட்டம்) என்கிறது. இன்றைய அதிகாரபூர்வக் கணக்கில் 200 கூட இல்லை. வாரி வழங்கியது போலவா தெரிகிறது?

கணக்குப்பிள்ளை:
ஆட்டம் குறைந்தால் சராசரி எகிறும் என்பது பள்ளிக் கணக்கு. 1943-இல் கிப்சன் .466 என்கிறார்கள். ஒரே பருவத்துக்கான சாதனையாக 1894 முதல் நின்ற ஹியூ டஃபியின் .440 அதனால்தான் சரிந்தது.

பழைய மட்டை:
டஃபியைக் கூப்பிட்டது நீங்கள்தான். 1893-இல் பந்து வீசும் தூரத்தைக் கூட்டினார்கள். வீச்சாளர்கள் திணற, மறு ஆண்டு லீக் முழுவதும் சராசரி வீங்கியது. அதை யாராவது அழித்தார்களா? கொரோனா ஆண்டான 2020-இல் அணிக்கு 60 ஆட்டம்தான். அதுவும் ஏட்டில் இருக்கிறது.

வைகறை:
நீங்கள் இருவரும் தசமப் புள்ளிக்காகச் சண்டையிடுகிறீர்கள். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். கிப்சனின் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி வாஷிங்டனில் ஆடியது கிளார்க் கிரிஃபித்தின் மைதானத்தில். அவர்தான் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் உரிமையாளர். மைதானத்துக்கு வாடகை வாங்கினார், ஆளை வாங்கவில்லை. 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில், கிப்சன் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி, மேஜர் லீக்கின் நிறத் தடையை உடைத்தார். கிப்சனின் கல்லறையில் 1975 வரை ஒரு கல் கூட இல்லை. இன்று முதலிடம் தருவதில் யாருக்கு அதிக நன்மை, அவருக்கா, தருகிறவர்களுக்கா?

பழைய மட்டை:
அவர்களுக்கே இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் பட்டியலைத் திறந்தால் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
டஃபி விஷயத்தில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். காப் விஷயத்தில் இல்லை.

பழைய மட்டை:
காப் தன் லீக்கில் ஒரு கறுப்பின வீச்சாளரையாவது சந்தித்தாரா? கறுப்பின வீச்சாளர் சாட்சல் பெய்ஜை 42 வயதில், 1948-இல், மேஜர் லீக்கின் கிளீவ்லாந்து அணி சேர்த்துக்கொண்டது. அந்த வயதிலும் ஆறு வெற்றி, ஒரு தோல்வி. அவர் இளைஞராக இருந்தபோது வீசிய பந்துகளுக்கு எதிரே நின்றவர் கிப்சன். அந்த எடையையும் தராசில் வையுங்கள், கணக்குப்பிள்ளை.